பகலும் இரவும் சமமாகும் நாளில் ஒரு ரொட்டி

செப்டம்பர் வந்துவிட்டால் நம் பேரங்காடிகளின் வாசலில் மூன்கேக் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். பிள்ளைகளின் கைகளில் தங்லோங் விளக்குகள் ஆடும். சீன நாள்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமியை நோக்கி ஊரே காத்திருக்கும். அந்த நிலவுக்கு இங்கிலாந்தில் வேறொரு பெயர் உண்டு. செப்டம்பர் 22 அல்லது 23ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் பௌர்ணமியை அங்கே ‘அறுவடை நிலா’ என்பார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் ஒரே நிலவுதான்.

இங்கே மூன்கேக் வெட்டப்படும் அதே வாரங்களில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சில வீடுகளில் ரொட்டி மாவு பிசைவார்கள். ஆப்பிள் அணிச்சல் அடுப்பேறும். மேசையில் கோதுமைக் கதிர்கள், கொட்டைகள், காட்டுப்பழங்கள், ஒரு மெழுகுவர்த்தி. கோயில் மணி கிடையாது, பூசாரி கிடையாது, அரசாங்க விடுமுறையும் கிடையாது. பகலும் இரவும் சமமாகும் நாளை அந்தக் குடும்பங்கள் கொண்டாடுவது இப்படித்தான். தங்களைப் பேகன்கள் என்று சொல்லிக்கொள்ளும் இவர்கள் இந்தப் பண்டிகையை ‘மாபன்’ என்று அழைக்கிறார்கள்.

பழங்காலத்துப் பண்டிகை போலத் தோன்றும் இதற்கு அந்தப் பெயர் கிடைத்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது. இதன் கதையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

அந்த நாளில் என்ன நடக்கிறது?

கோலாலம்பூரில் வாழும் நமக்கு இந்த நாளின் அருமை சட்டென்று புரியாது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே அரை மணி நேரம்கூட வேறுபாடு இல்லை. நமக்கு எல்லா நாளும் ஏறக்குறைய சமநாள்தான்.

லண்டனில் கதை வேறு. ஜூன் மாதத்தில் அங்கே பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். டிசம்பரில் எட்டு மணி நேரத்தைக்கூட எட்டாது. செப்டம்பர் 22 அல்லது 23 அன்று சூரியன் பூமத்திய ரேகையைக் கடந்து தெற்கே இறங்குகிறது. ஆண்டிலேயே பகல் மிக வேகமாகச் சுருங்குவது அந்த வாரங்களில்தான். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு நிமிட வெளிச்சம் குறையும். ஒரே வாரத்தில் அரை மணி நேரம் போய்விடும். நேற்று விளக்குப் போடாமல் சமைத்தவர் இன்று விளக்கைத் தேடுவார். களஞ்சியத்தில் இருப்பதுதான் குளிர்காலம் முழுவதற்கும் சோறு என்று வாழ்ந்த காலத்தில், இந்த மாற்றம் மனத்தில் எவ்வளவு கனத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் பஞ்சாங்கத்துக்கும் இந்த நாள் புதிதல்ல. சித்திரை விசு, ஐப்பசி விசு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ‘விஷுவம்’ என்ற வடசொல்லுக்குப் பகலும் இரவும் சமமாகும் வேளை என்பதே பொருள். நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்துக் கணிக்கப்படுகிறது. பூமியின் அச்சோ பல நூற்றாண்டுகளாக மெல்லத் திசை மாறி வருகிறது. அதனால் ஐப்பசி முதல் நாள் இப்போது அக்டோபர் நடுப்பகுதிக்கு நகர்ந்துவிட்டது. பெயரில் மட்டும் பழைய கணக்கு தங்கியிருக்கிறது.

யார் இந்தப் பேகன்கள்?

‘பேகன்’ என்ற சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அதன் மூலச் சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். கிறிஸ்துவம் பரவிய காலத்தில், பழைய தெய்வங்களை விடாமல் பிடித்துக்கொண்டவர்களைக் குறிக்கும் ஏளனச் சொல்லாக அது மாறியது. இன்று அதே சொல்லைப் பெருமையோடு எடுத்துச் சூடிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 74,000 பேர் தங்கள் சமயத்தைப் பேகன் என்று பதிந்தார்கள். 2011இல் அந்த எண்ணிக்கை சுமார் 57,000. இவர்கள் தவிர, விக்கா என்று தனியாகப் பதிந்தவர்கள் ஏறக்குறைய 13,000 பேர்.

விக்கா என்ற அந்தச் சமயப் பிரிவை உலகுக்கு வெளிப்படுத்தியவர் ஜெரால்டு கார்ட்னர். 1884இல் லிவர்பூலுக்கு அருகில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. 1900இல் இலங்கைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பிறகு போர்னியோ. 1911 முதல் மலாயா. நம் தாத்தா பாட்டிமார் பால் மரம் வெட்டிய அந்தக் காலத்தில் அவர் ரப்பர்த் தோட்டத் துரை. பின்னர் அரசாங்க வேலையில் சேர்ந்து ஜொகூரில் பணியாற்றினார். ஜொகூர் லாமாவில் மண்ணைத் தோண்டிப் பழைய மணிகளையும் நாணயங்களையும் தேடினார். மலாய்க்காரர்களின் கெரிஸ் கத்தி மீது அவருக்குத் தீராத ஆர்வம். அதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1936இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. அதே ஆண்டு ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார்.

அங்கே 1939இல், இரகசியமாக இயங்கிய ஒரு சூனியக்காரர் குழுவில் தாம் சேர்க்கப்பட்டதாக அவர் பின்னாளில் சொன்னார். ஆனால் உடனே அதை வெளியே சொல்ல முடியவில்லை. 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் அப்போதும் நடப்பில் இருந்தது. மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்வதே அதன்படி குற்றம். 1944இல்கூட, ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற பெண்மணிக்கு அந்தச் சட்டத்தின் கீழ் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1951இல் சட்டம் நீக்கப்பட்டது. 1954இல் கார்ட்னர் தம் நம்பிக்கையைப் பற்றி வெளிப்படையாக ஒரு நூல் எழுதினார். அவருடைய நண்பர் ராஸ் நிக்கல்ஸ் துருயிட் நெறியைச் சார்ந்தவர். இவர்களைச் சுற்றி இருந்த வட்டத்தில்தான் 1950களில் எட்டுப் பண்டிகைகள் கொண்ட ‘ஆண்டுச் சக்கரம்’ உருவம் பெற்றது. செப்டம்பர் சமநாள் அவற்றில் ஒன்று.

பழைய பெயர், புதிய பண்டிகை

அந்த நாளுக்கு ‘மாபன்’ என்று பெயர் வைத்தவர் இங்கிலாந்துக்காரர்கூட இல்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஏடன் கெல்லி. 1970களில் ஒரு பேகன் நாள்காட்டி தயாரித்துக்கொண்டிருந்தார். மற்ற சில பண்டிகைகளுக்கு அழகான பழைய பெயர்கள் இருக்க, இந்த நாளுக்கு ‘இலையுதிர்காலச் சமநாள்’ என்ற வறண்ட பெயர் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வேல்ஸ் நாட்டின் பழங்கதை ஒன்றிலிருந்து ஒரு பெயரை எடுத்தார்.

அந்தக் கதையில் மாபன் என்பவன் மோட்ரன் என்னும் தாயின் மகன். பிறந்து மூன்றே இரவுகளில் தாயிடமிருந்து பறிக்கப்படுகிறான். அவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தேடிப் போகிறவர்கள் உலகின் மிகப் பழைய உயிர்களிடம் ஒவ்வொன்றாக விசாரிக்கிறார்கள். கரும்பறவை, கலைமான், ஆந்தை, கழுகு என்று கேட்டுப் போய், கடைசியில் ஒரு சால்மன் மீன்தான் வழி காட்டுகிறது. சிறையிலிருந்து மாபன் மீட்கப்படுகிறான். இரவு பகலை மிஞ்சத் தொடங்கும் நாளுக்கு, தொலைந்து மீண்ட பிள்ளையின் பெயர் பொருந்தும் என்று கெல்லி நினைத்தார். ஆனால் அந்தக் கதையில் செப்டம்பர் பற்றியோ அறுவடை பற்றியோ பேச்சே இல்லை.

‘அப்படியானால் இது போலியா?’ என்ற கேள்வி எழுவது இயல்பு. பேகன்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் மாபன் என்ற பெயரை ஏற்பதில்லை. ‘அறுவடை முடிப்பு’ என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலப் பெயரையே சொல்வார்கள். துருயிட்கள் ‘ஆல்பன் எல்வெட்’ என்பார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன், பிரிட்டனின் ஆண்டுச் சடங்குகளைப் பற்றி விரிவாக எழுதியவர். எட்டுப் பண்டிகைகளையும் ஒன்றாகக் கொண்டாடிய பழங்குலம் எதுவும் இருந்ததற்குச் சான்று இல்லை என்பதை அவர் தெளிவாகவே காட்டியிருக்கிறார். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பீட் என்ற துறவி, பழைய ஆங்கிலேயர்கள் செப்டம்பரைப் ‘புனித மாதம்’ என்று அழைத்ததாக எழுதி வைத்தார். அந்த மாதத்தில் என்ன செய்தார்கள் என்பதை அவர் எழுதவில்லை.

ஆக, பெயர் புதிது. சடங்கு புதிது. ஆனால் அந்த மேசையில் இருக்கும் ரொட்டி புதிதல்ல. இந்தப் பண்டிகையின் பழைமையைத் தேடுகிறவர்கள் மந்திர நூல்களை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால் போதும்.

மாவு பிசைந்த ‘லேடி’

பழைய ஆங்கிலத்தில் ரொட்டிக்கு ‘ஹ்லாஃப்’ என்று பெயர். இன்றைய ‘லோஃப்’ அதிலிருந்து வந்ததுதான். வீட்டுத் தலைவன் ‘ஹ்லாஃப்வெயார்ட்’, அதாவது ரொட்டியைக் காப்பவன். அதுவே தேய்ந்து ‘லார்டு’ ஆனது. வீட்டுத் தலைவி ‘ஹ்லாஃப்டிகே’, ரொட்டி மாவு பிசைபவள். அது ‘லேடி’ ஆனது. பிரபு, சீமாட்டி என்று நாம் மொழிபெயர்க்கும் சொற்களின் வேரில் ஒரு ரொட்டியும் பிசையும் கையும் இருக்கின்றன.

ஆகஸ்டு முதல் நாளை ‘லாமஸ்’ என்பார்கள். ‘ரொட்டிப் பூசை’ என்று அதற்குப் பொருள். புதுக் கோதுமையில் சுட்ட முதல் ரொட்டியைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோகும் நாள் அது. இடையில் இந்த வழக்கம் மங்கியது. 1843இல் கார்ன்வால் பகுதியில் மார்வென்ஸ்டோ என்ற சிற்றூரின் பாதிரியார் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், புது விளைச்சலின் ரொட்டியை வைத்து ஒரு நன்றி வழிபாடு நடத்தினார். அது மற்ற ஊர்களுக்கும் பரவியது. இன்று பிரிட்டனில் எத்தனையோ தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் நடக்கும் அறுவடை விழா அந்த வழியில் வளர்ந்ததுதான். பழைய மாதிரி தோன்றும் அந்த விழாவும் விக்டோரியா மகாராணி காலத்தில் உருப்பெற்றதே. அதை யாரும் போலி என்று சொல்வதில்லை.

தேவாலய அறுவடை விழாவின் நடுநாயகம் கோதுமைக் கட்டு வடிவ ரொட்டி. கொஞ்சமாக ஈஸ்ட் சேர்த்து மாவை இறுக்கமாகப் பிசைவார்கள். நூல் நூலாக உருட்டித் தாள்களாக அடுக்குவார்கள். மேலே சிறு உருண்டைகளை வைத்து, கத்தரிக்கோலால் நறுக் நறுக்கென்று கீறிக் கதிர்மணிகள் ஆக்குவார்கள். முட்டை பூசிப் பொன்னிறமாகச் சுட்டு, பிறகு குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்த்துவார்கள். தாள்களின் மேல் ஒரு சுண்டெலியும் மாவில் செய்து ஏற்றிவிடுவது வழக்கம். களஞ்சியத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டல்லவா! நன்றாக உலர்ந்தால் அந்த ரொட்டி மாதக்கணக்கில் அலங்காரமாக இருக்கும்.

வயலில் கடைசியாக நின்ற கதிர்களை முடைந்து ‘தானியப் பாவை’ செய்து, அடுத்த விதைப்பு வரை வீட்டில் காத்து வைத்த வழக்கமும் இருந்தது. இவற்றையெல்லாம் பேகன்கள் தங்கள் மேசைக்கு எடுத்துக்கொண்டார்கள். லாமஸ் அவர்களுக்குத் தானிய அறுவடை. சமநாள் இரண்டாம் அறுவடை, பழங்களுக்கானது. அக்டோபர் கடைசி நாள் மூன்றாவது.

சமையலறையே சன்னிதி

சமநாளன்று வெளியே போய்க் கொண்டாடுகிறவர்கள் உண்டு. லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் வெள்ளை அங்கி அணிந்த துருயிட்கள் கூடுவார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்குள் அன்று விடியற்காலையில் பொதுமக்களை விடுவார்கள். 2010இல் ‘துருயிட் நெட்வொர்க்’ என்ற அமைப்பு சமய அறநிறுவனமாக அதிகாரப்பூர்வமாகவே பதிவு பெற்றது.

ஆனால் தனியாகவே இந்த நெறியைக் கடைப்பிடிக்கிறவர்களும் பலர். அவர்களுக்குக் கோயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. அக்கம்பக்கத்தாரிடம் சொல்லத் தயங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சமையலறைதான் சன்னிதி. மாவில் கரண்டியை வலப்பக்கமாக, சூரியன் போகும் திசையில் சுழற்றுவார்கள். அதுவே வேண்டுதல். வெந்த ரொட்டியின் முதல் துண்டு மண்ணுக்கு. தோட்டத்திலோ பூச்சட்டியிலோ வைத்துவிடுவார்கள். மீதியைச் சுற்றி இருப்பவர்கள் பிட்டுப் பகிர்வார்கள். இந்த ஆண்டு தங்களுக்கு எது விளைந்தது, எது விளையாமல் போனது என்று ஒவ்வொருவரும் சொல்வதும் உண்டு.

ஆப்பிளுக்கு ஒரு தனி மரியாதை. காம்பிலிருந்து நெடுக்காக வெட்டாமல் குறுக்காக வெட்டிப் பாருங்கள். விதைகள் இருக்கும் இடம் ஐந்துமுனை நட்சத்திரமாகத் தெரியும். ஆப்பிள் பூவுக்கு ஐந்து இதழ்கள், சூலறைகளும் ஐந்து. அந்த நட்சத்திரம் பேகன்களுக்குப் புனிதக் குறி.

வேலியோரம் படரும் பிளாக்பெர்ரியும் அந்தப் பருவத்துப் பழம்தான். ஆப்பிளோடு சேர்த்து அணிச்சலும் பையும் செய்வார்கள். செப்டம்பர் 29ஆம் நாளான மைக்கேல்மஸ் கழிந்தபின் அதைப் பறிக்கக்கூடாது என்று நாட்டுப்புறத்தில் ஒரு நம்பிக்கை. வானுலகிலிருந்து தள்ளப்பட்ட சாத்தான் அந்த முள்செடியின் மேல் விழுந்தானாம். அந்த ஆத்திரத்தில் ஆண்டுதோறும் அதே நாளில் பழத்தின் மேல் துப்புவானாம். ஈரக் காற்றில் பழம் பூஞ்சை பிடிக்கும் பருவம் அது என்பதுதான் உண்மைக் காரணம். பாட்டிகள் சொன்ன கதைக்குள் நல்ல சுகாதார அறிவுரை இருந்திருக்கிறது.

நம் வீட்டு அடுப்பில்

இந்த ரொட்டியைச் சுட்டுப் பார்க்க எந்தச் சமயத்திலும் சேர வேண்டியதில்லை. நம் ஊர்ச் சூட்டுக்கு ஏற்ற அளவு இது.

தேவையானவை: ரொட்டிக்கான அதிபுரத மாவு 350 கிராம், ஆட்டா மாவு 150 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒன்றரை தேக்கரண்டி, தேன் 2 மேசைக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 30 கிராம், குளிர்ந்த நீர் 300 மில்லிலிட்டர், லவங்கப்பட்டைத் தூள் 1 தேக்கரண்டி, பச்சை ஆப்பிள் ஒன்று, வால்நட் ஒரு கைப்பிடி, உலர்திராட்சை ஒரு கைப்பிடி.

மாவு, ஈஸ்ட், உப்பு, பட்டைத்தூள் ஆகியவற்றைக் கலந்து, தேன், வெண்ணெய், நீர் சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்ந்து, கையில் ஒட்டும் ஒட்டாமலும் இருக்க வேண்டும். ஈரத்துணியால் மூடி வையுங்கள். குளிர்நாட்டுச் செய்முறைகளில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். நம் வீட்டுச் சூட்டில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் மாவு இரட்டிப்பாகிவிடும். அதற்கு மேல் விட்டால் புளிக்கும். குளிர்ந்த நீர் சேர்ப்பதும் அதற்காகத்தான்.

ஆப்பிளைத் தோலோடு சிறு துண்டுகளாக நறுக்கி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். வால்நட், திராட்சையோடு சேர்த்து மாவில் மடித்து, உருண்டையாக்கித் தட்டில் வையுங்கள். அரை மணி நேரம் மீண்டும் உப்பட்டும். கூரான கத்தியால் மேலே ஒரு கதிர் வடிவம் கீறுங்கள். 210 பாகை சூட்டில் பதினைந்து நிமிடம், பிறகு 190 பாகைக்குக் குறைத்து இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். அடியில் தட்டினால் வெற்றுப் பானை போல ஒலிக்க வேண்டும். அதுதான் வெந்ததற்கு அடையாளம். ஆறும்வரை ஒரு மணி நேரம் வெட்டாமல் இருப்பதுதான் இதில் கடினமான வேலை.

பிரிட்டனின் பள்ளி அறுவடை விழாக்களில் இப்போது கோதுமைக் கதிருக்குப் பதிலாகத் தகர உணவுகளைத்தான் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். இல்லாத வீடுகளுக்கு அவை போய்ச் சேர்கின்றன. பேகன் வீடுகளிலும் சமநாள் ரொட்டியைத் தனியாகத் தின்பதை விரும்பமாட்டார்கள். பகலும் இரவும் சமமாகப் பிரியும் நாளில் ரொட்டியும் பிரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஜொகூரில் கெரிஸ் சேகரித்த கார்ட்னரும், கலிபோர்னியாவில் பெயர் தேடிய கெல்லியும் வைத்துவிட்டுப் போன சடங்குகளில் எது நிலைக்கும், எது மறையும் என்பதை இன்னும் நூறு ஆண்டு கழித்து ஹட்டனைப் போன்ற யாராவது எழுதுவார்கள். ரொட்டி சூடாக இருக்கும்போதே அடுத்த வீட்டுக்குப் பாதியைக் கொடுத்துவிடுங்கள். மூன்கேக் பெட்டியோடு அவர்கள் உங்கள் கதவைத் தட்டும்போது, திருப்பிக் கொடுக்க உங்களிடமும் ஒன்று இருக்கும்.